ஆறாம் அத்தியாயம்: செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காய்கறித் தோட்டத்தைக் கண்காணித்தல்

ஆவுடையார்கோவில் என்றதும் வெளியூராருக்கு ஆத்மநாதர் ஆலயத்தின் கருங்கற் கொடுங்கை நினைவுக்கு வரும்; உள்ளூர் விவசாயிக்கு அந்த வருஷம் கண்மாயில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதே முதல் நினைவாக இருக்கும். அறந்தாங்கிக்கும் கடற்கரைக்கும் இடையே கிடக்கும் இந்தப் பிரதேசத்தில், வடகிழக்குப் பருவமழையையும் அது நிரப்பிவிட்டுப் போகும் கண்மாய்களையும் நம்பி ஒருபோகம் நெல் விளைவிப்பதே பெரும்பான்மை வழக்கமாதலால், காய்கறி என்பது கிணற்றடியிலும், ஆழ்குழாய்க் கிணற்றின் பக்கத்திலும், சம்பா அறுவடையான பின் கண்மாயில் மிஞ்சிய நீர் எட்டுகிற வயல்களிலும், பத்து சென்ட், இருபது சென்ட், மிஞ்சிப் போனால் ஓர் ஏக்கர் என்ற அளவில்தான் பயிராகிறது. பரப்பு சிறியதாயினும் அதில் போடும் முதலும் உழைப்பும் சிறியவை அல்ல. ஒரு வாரக் கவனக்குறைவில் ஒரு பருவத்து வருமானம் கைவிட்டுப் போவதும் காய்கறியில்தான்.

இத்தகைய சிறு தோட்டத்துக்குப் பல நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படம் என்ன பிரயோஜனம் தரும், எதைத் தராது, அதைப் பார்க்கும் முறை யாது என்பவற்றை விளக்குவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். நூலாசிரியனின் முடிவான அபிப்பிராயத்தை முதலிலேயே கூறிவிடுவது நலம்: செயற்கைக்கோள் படம் தோட்டத்துக்குள் நடந்து பார்க்கும் வேலைக்கு மாற்று அன்று, இன்று எந்த மூலைக்கு முதலில் நடக்க வேண்டும் என்று அது சொல்லும். அந்த ஒரு காரியத்துக்கு அதைப் பயன்படுத்துகிறவன் லாபமடைவான். அதற்கு மேல் எதிர்பார்க்கிறவன் ஏமாறுவான்.

1. இந்த வித்தை நம் நாட்டுக்கு வந்த வரலாறு

இந்தியாவில் தொலையுணர்வு என்னும் விஞ்ஞானம் ஒரு பயிர்நோயை முன்னிட்டே வேரூன்றியது என்பதைப் பலர் அறியார். 1970-ஐ ஒட்டி, கேரளத்தில் காயங்குளம் பகுதித் தென்னந்தோப்புகளை வேர்வாடல் நோய் அழித்துக்கொண்டிருந்தபோது, பிற்காலத்தில் இந்தியத் தொலையுணர்வின் தந்தை எனப் பெயர்பெற்ற பி. ஆர். பிஷாரடி அவர்களின் முயற்சியால், அகச்சிவப்புக் கிரணங்களைப் பதியும் வர்ண பிலிம் கொண்டு ஹெலிகாப்டரிலிருந்து அத்தோப்புகளைப் படமெடுத்து, நோயுற்ற மரங்களை நல்ல மரங்களிலிருந்து பிரித்தறியும் பரீட்சை நடைபெற்றது. கண்ணுக்குப் பச்சையாகவே தோன்றும் ஓலையிலும், நோய் புகுந்த பின் அகச்சிவப்பின் பிரதிபலிப்பு மாறிவிடுகிறது என்ற உண்மையே அந்தப் பரீட்சையின் ஆதாரம். இன்று நம் கைப்பேசியில் தெரியும் பயிர்ப் படங்களுக்கும் அதுவே ஆதாரம்.

அதன்பின் 1988 மார்ச் 17 அன்று ஐ.ஆர்.எஸ்.-1ஏ என்னும், பரீட்சார்த்த நிலையைக் கடந்து முழுச் செயற்பாட்டுக்கென அமைந்த நம் முதல் தொலையுணர்வுக் கோள் விண்ணேறியது. அந்த வரிசையில் வந்த ரிசோர்ஸ்சாட் கோள்களின் படங்களை உபயோகித்து நெல், கோதுமை முதலான பெரும் பயிர்களின் பரப்பை மதிப்பிடும் முறை நிலைபெற்ற பிறகு, 2014-இல் மத்திய அரசு ‘சமன்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, மா, வாழை, எலுமிச்சை இனம், உருளைக்கிழங்கு, வெங்காயம், தக்காளி, மிளகாய் ஆகிய ஏழு தோட்டப்பயிர்களைப் படங்களின் துணைகொண்டு கணக்கிட முற்பட்டது. கத்தரியும் வெண்டையும் புடலையும் அந்தப் பட்டியலில் இடம்பெறாததற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிறு துண்டுகளில், பல வகை கலந்து, ஒவ்வொருவரும் ஒவ்வொரு தேதியில் நடும் பயிரை உயரத்திலிருந்து இன்னதென்று பெயர் சொல்லி அறிவது கடினம். ஆனால் நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. தன் வயலில் நிற்பது இன்ன பயிர், இன்ன நாள் நட்டது என்பதை விவசாயி அறிவான்; அது எவ்வாறு வளர்கிறது என்பதை மட்டும் படம் அவனுக்குச் சொன்னால் போதும்.

2. படம் எதைக் காட்டுகிறது

இலையிலுள்ள பச்சையம், உணவு தயாரிப்பதற்காகச் சூரிய ஒளியின் சிவப்புக் கிரணங்களைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. இலையின் உட்புறத்துப் பஞ்சு போன்ற திசுவோ, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கிரணங்களில் ஏறக்குறையப் பாதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆகவே செழித்த பயிரின் மீது சிவப்பு குறைவாகவும் அகச்சிவப்பு மிகுதியாகவும் பதிவாகும். வாடிய, நோயுற்ற, அல்லது மண் வெளித்தெரியும் இடத்தில் இந்த வித்தியாசம் சுருங்கும். இந்த வித்தியாசத்தை ஒரே எண்ணாக்கிச் சொல்வதே என்.டி.வி.ஐ. எனப்படும் தாவரக் குறியீடு. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, வரும் தொகையை அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அது கிடைக்கும்.

ஓர் உதாரணம் கொள்வோம். தழைத்த கத்தரிப் பாத்தி அகச்சிவப்பில் நூற்றுக்கு 40 பங்கும் சிவப்பில் 5 பங்கும் பிரதிபலிக்குமானால், 35-ஐ 45-ஆல் வகுக்க 0.78 வரும். அதே பயிர் சோர்ந்து, அகச்சிவப்பு 30 ஆகவும் சிவப்பு 10 ஆகவும் மாறினால் 0.50. உழுதுபோட்ட வெறும் மண்ணில் அவை 26-உம் 20-உம் என்றால் 0.13. தேங்கிய நீரில் இந்த எண் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். இந்த நான்கு நிலைகளையும் மனத்தில் இருத்திக்கொண்டால், வர்ணப் படத்தைப் பார்த்து மயங்காமல் எண்ணைப் பார்த்து நிதானிக்கும் பழக்கம் வந்துவிடும்.

கத்தரி, மிளகாய் போன்ற வரிசைப் பயிர்களில், நடவு செய்து ஒன்றிரண்டு மாதம் வரையில் செடிகளுக்கிடையே மண் தெரிந்துகொண்டே இருக்கும். அந்த மண் ஈரமாயிருக்கும் நாளில் ஒரு எண்ணும், காய்ந்திருக்கும் நாளில் வேறொரு எண்ணும் வருவதுண்டு. மண்ணின் பாதிப்பைக் குறைத்துக் கணக்கிடும் எஸ்.ஏ.வி.ஐ. என்ற குறியீட்டை இளம் பயிருக்குக் கொள்வது உத்தமம். பாகல், புடலை, பீர்க்கன் முதலிய பந்தற் கொடிகளோ மேலே முழுக் கூரையாகப் படர்ந்துவிடுவதால், உயரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அவையே மிகத் தெளிவாகப் புலப்படும். பந்தல் மூடிய பிறகு என்.டி.வி.ஐ. உச்சியை எட்டி அங்கேயே நின்றுவிடும். அதன்பின் எண் உயரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், குறைகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

3. எந்தப் படம், எவ்வளவு நுட்பம்

ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 கோள்கள் 2015 ஜூன் முதல் ஒன்றன்பின் ஒன்றாக ஏவப்பட்டவை. இரண்டு கோள்கள் சேர்ந்து இயங்கும்போது ஐந்து நாளைக்கு ஒருமுறை, முற்பகல் பத்தரை மணியை ஒட்டி, நம் வயலின்மேல் கடந்து போகின்றன. அவற்றின் படங்கள் எவருக்கும் இலவசம். அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசை 1972-இலேயே தொடங்கியதாதலால் பழைய காலத்து நிலைமையை அறிய அதற்கு இணையில்லை. ஆனால் லேண்ட்சாட் படத்தின் ஒரு கட்டம், அதாவது ஒரு பிக்ஸல், முப்பது மீட்டர் சதுரம். நம் கணக்கில் அது 22 சென்ட். சென்டினல்-2-இன் சிவப்பு, அகச்சிவப்புக் கட்டங்களோ பத்து மீட்டர் சதுரம். அதாவது சுமார் இரண்டரை சென்ட். நம் ரிசோர்ஸ்சாட்டின் லிஸ்-4 கருவி 5.8 மீட்டர் வரை நுணுகிப் பார்க்க வல்லது.

இந்தக் கணக்கை நம் வயல்மேல் இறக்கிப் பார்ப்பது அவசியம். ஓர் ஏக்கர் சதுர வயலின் ஒரு பக்கம் ஏறத்தாழ 64 மீட்டர். அதனுள் வரப்பைத் தொடாத முழுக் கட்டங்கள் 25 முதல் 36 வரை அமையும். ஐம்பது சென்ட் வயலில் அவை 9 முதல் 16. பத்து சென்ட் தோட்டத்தில் ஒன்று முதல் நான்கே. ஆகவே அரை ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள காய்கறி வயலுக்குச் சென்டினல் படம் மெய்யாகவே உதவும். இருபது சென்ட்டுக்கு ஓரளவு உதவும். பத்து சென்ட்டுக்கு அதை நம்பி ஒரு முடிவுக்கும் வரலாகாது. அக்கம்பக்கத்து விவசாயிகள் ஒரே காலத்தில் ஒரே காய்கறியை அடுத்தடுத்து நடும் வழக்கமுள்ள ஊர்களில், அந்தத் துண்டுகளைச் சேர்த்து ஒரு தொகுதியாகப் பார்த்தால் இந்தக் குறை பெரிதும் நீங்கும்.

பயிரின் நீர்நிலையைக் காட்டும் ஈரப்பதக் குறியீட்டுக்கும், பச்சையக் குறைவை முன்கூட்டிக் காட்டும் செவ்விளிம்புக் குறியீட்டுக்கும் உரிய கட்டங்கள் இருபது மீட்டர் அளவின. ஒரு கட்டமே பத்து சென்ட். சிறு தோட்டத்துக்காரர் அவற்றை விட்டுவிடுவது நல்லது.

4. வயலை அடையாளங்கண்டு எல்லை வரைதல்

கோப்பர்னிக்கஸ் பிரவுசர் என்னும் இணையச் சாளரத்தில் இலவசமாகப் பெயர் பதிந்துகொண்டு, ஆவுடையார்கோவிலைத் தேடினால், 10 பாகை வட அட்சரேகையையும் 79 பாகை கிழக்குத் தீர்க்கரேகையையும் ஒட்டி நம் ஊர் வந்து நிற்கும். சென்டினல்-2 எல்2ஏ என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காற்றிலுள்ள தூசு, நீராவி முதலியவற்றின் மறைப்பைக் கழித்துத் திருத்திய படம் அதுவே. மேக அளவைக் குறைத்து வைத்தால் தெளிந்த நாட்களின் படங்கள் மட்டும் வரிசையாக வரும்.

முதலில் இயல்பு வர்ணப் படத்தில் கோயிலையும், கண்மாய்க் கரையையும், தார்ச்சாலையையும் அடையாளமாகக் கொண்டு தம் வயலைக் கண்டுபிடிக்க வேண்டும். சர்வே எண்ணும் உட்பிரிவும் உள்ள புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டால் வேலை எளிதாகும். அதைவிட நிச்சயமான வழி, கைப்பேசியுடன் வயலின் நான்கு மூலையிலும் நின்று இடக்குறிப்பைப் பதிந்துகொள்வது. பின்னர் அச்சாளரத்தில் வயலின் எல்லையை வரையும்போது, வரப்பின்மீதே கோடு போடாமல் உள்ளே ஐந்து முதல் பத்து மீட்டர் தள்ளி வரைய வேண்டும். ஒரு தேதிப் படத்துக்கும் மறுதேதிப் படத்துக்கும் சில மீட்டர் இடப்பெயர்ச்சி இருக்கக்கூடும் என்பது ஒரு காரணம். வரப்போரத்துச் சீமைக்கருவேலம் கோடையிலும் பச்சையாக நின்று நம் பயிரின் எண்ணைப் பொய்யாக உயர்த்திவிடும் என்பது மற்றொரு காரணம்.

மரநிழலையும் கவனிக்க வேண்டும். படம் எடுப்பது முற்பகலில் ஆதலால், கிழக்கு வரப்பில் நிற்கும் பனையின் நிழலும், மார்கழி தை மாதங்களில் தெற்கு வரப்பு மரங்களின் நிழலும் வயலுக்குள்ளேதான் விழும். அந்தப் பகுதியில் எண் குறைந்திருப்பது கண்டு மருந்து தெளிக்கப் புறப்படலாகாது.

இவற்றோடு, வயலுக்கு அண்மையில் மாறுதலில்லாமல் நிற்கும் ஒரு தென்னந்தோப்பையும் தனியாக எல்லை வரைந்து வைத்துக்கொள்வது மிகுந்த பயன் தரும். ஒரு தேதியில் நம் கத்தரியின் எண்ணும் அந்தத் தோப்பின் எண்ணும் சேர்ந்தே குறைந்திருந்தால், குறை பயிரில் இல்லை. மெல்லிய மேகமோ மூட்டமோ படத்தை மறைத்திருக்கிறது. தோப்பு அப்படியே இருக்க நம் வயல் மட்டும் இறங்கினால்தான் அது செய்தி.

5. திட்டிலிருந்து செடிக்கு

அரை ஏக்கரில் தை மாதக் கடைசியில் கத்தரி நட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். நட்டவுடன் வயல் ஏறக்குறைய வெறும் மண்ணின் எண்ணையே காட்டும். நாற்று வேர்பிடித்துத் தழைக்கத் தழைக்க எண் படிப்படியாக ஏறும். முதற்பறிப்பு வருகிற ஐம்பத்தைந்து, அறுபது நாள் அளவில் ஏற்றம் தணிந்து நிலைக்கும். இந்த ஏற்றத்தை ஒரு காகிதத்தில் புள்ளியிட்டுக் கோடாக இழுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புதுப் படத்திலும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். வயல் முழுவதும் சென்ற படத்தைவிட ஏறியிருக்கிறதா? வயலுக்குள்ளே எந்தக் கட்டமாவது மற்றவற்றைவிடப் பின்தங்கியிருக்கிறதா? இரண்டாவது கேள்வியே முக்கியமானது. ஏனெனில் ஒரே நாளில், ஒரே மண்ணில், ஒரே நாற்றங்காலிலிருந்து நட்ட செடிகளில் ஒரு மூலை மட்டும் பின்தங்குவதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும்.

பின்தங்கிய திட்டின் வடிவமே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். வாய்க்காலின் கடைசிப் பாத்திகள் மட்டும் வெளுத்திருந்தால் தண்ணீர் அங்கு எட்டவில்லை. மடைவாயை ஒட்டிய பாத்திகள் வெளுத்திருந்தால் அங்குத் தண்ணீர் தேங்குகிறது. நேர்கோடாக இருந்தால் உரம் இட்டதிலோ மருந்து தெளித்ததிலோ விடுபட்ட வரிசையாக இருக்கும். வரப்போரம் மட்டும் என்றால் நிழலையும் மரவேரையும் சந்தேகிக்க வேண்டும். இவற்றில் எதிலும் அடங்காமல், நடுவயலில் வட்டமாகத் தோன்றி, படத்துக்குப் படம் சிறிது சிறிதாகப் பரவும் திட்டு, மண்ணுக்குள் இருக்கும் விரோதியைக் காட்டுவது.

அத்தகைய திட்டைக் கண்டால், அதனிடத்துக்குப் போய், வெளுத்த செடிகளில் இரண்டையும் பத்தடி தள்ளி நன்றாயிருக்கும் செடிகளில் இரண்டையும் மண்வெட்டியால் வேரறாமல் அகழ்ந்தெடுத்து, ஒரு வாளி நீரில் மண் கரையும்படி அலசிப் பார்க்க வேண்டும். வெளுத்த செடியின் வேர், மணி கோத்தாற்போல் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. கத்தரி, வெண்டை, தக்காளி மூன்றையும் அது பற்றும். மேலே பார்த்தால் தண்ணீர்க் குறைபோலவும் உரக்குறைபோலவுமே தோற்றமளித்து விவசாயியை வீண் செலவு செய்ய வைக்கும். கொத்தவரை முதலிய பயறினச் செடிகளின் வேரில் நன்மை செய்யும் முண்டுகள் இயல்பாகவே உண்டு. அவை வேரின் பக்கத்தில் ஒட்டியிருந்து விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சோ வேரே வீங்கியதாதலால் உதிராது. சந்தேகம் தீராவிட்டால் வேரையும் மண்ணையும் ஈரம் காயாமல் பையிலிட்டு வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டலாம். நூற்புழுதான் என்று நிச்சயமானால், அந்தத் திட்டுக்கு வேப்பம் பிண்ணாக்கு இடுவதும், அடுத்த பருவத்தில் அங்கே செண்டுமல்லி போட்டுப் பயிர் மாற்றுவதும் பரிகாரம். அரை ஏக்கர் முழுவதற்கும் ஆகும் செலவை ஐந்து சென்ட்டுக்குள் அடக்கிவிடலாம். படம் பார்த்ததன் லாபம் இதுதான்.

6. படம் காணாதவை

லாபத்தைச் சொன்ன அளவுக்கு அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். வெண்டையை 45-க்கு 30 சென்டிமீட்டர் இடைவெளியில் விதைத்தால், சென்டினல் படத்தின் ஒரு கட்டத்துக்குள் சுமார் 740 செடிகள் நிற்கும். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தோன்றும்; 740 செடிகளில் முப்பது மஞ்சளித்தால் அந்தக் கட்டத்தின் எண் அசையாது. எண் அசையும் காலத்தில் நோய் வயலைப் பிடித்திருக்கும். நரம்பு மஞ்சளித்த முதற் செடியைக் கண்டு பிடுங்கி அழிப்பது, வரிசை வரிசையாக நடக்கும் கண்ணுக்கே உரிய வேலை.

கத்தரியின் காய்த்துளைப்பானும் அவ்வாறே. அது காய்க்குள்ளும் தண்டுக்குள்ளும் இருந்து தின்பதால், நுனிக்குருத்து தலைசாயுமேயன்றி இலைப்பரப்பு பச்சையாகவே நிற்கும். படத்தில் அருமையான பயிராகத் தோன்றும் வயல் சந்தைக்குப் போகும் காயில் பாதியை இழந்திருக்கக்கூடும். அதற்கு ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வைத்து அந்துப்பூச்சியை எண்ணிப் பார்ப்பதும், சாய்ந்த குருத்தைக் கிள்ளி அழிப்பதுமே வழி.

படம் களையையும் பயிரையும் பிரித்தறியாது. கோடைமழை பெய்த மறுவாரம் வயலின் எண் திடீரென்று உயர்ந்தால் அது பயிரின் செழிப்பு என்று மகிழ்வதற்குமுன் கோரையும் அருகும் முளைத்திருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். இருபத்தைந்து நாளுக்குள் அறுத்துவிடும் கீரைக்கு ஐந்து நாளுக்கொரு படம் பெரிதாக உதவாது. எண்ணைக் கொண்டு விளைச்சலை இத்தனை கிலோ என்று முன்கூட்டிச் சொல்ல முற்படுவதும், பல முறை பறிக்கும் காய்கறிகளில் நம்பத்தக்கதன்று.

7. மழைக்காலமும் புயலும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இவ்வட்டாரத்தை மேகம் மூடிக்கொள்வதால், வாரக்கணக்கில் தெளிந்த படம் ஒன்றுகூடக் கிடைக்காமல் போவதுண்டு. மேகத்தை ஊடுருவும் ராடார் கோள்கள் உள்ளன. 2014 ஏப்ரலில் ஏவிய சென்டினல்-1 அவற்றில் ஒன்று, 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து ஏவிய நைசார் மற்றொன்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு இணைந்து இத்தகைய ராடார் படங்களால் நெற்பரப்பை மதிப்பிட்டு வருவது பலர் அறிந்த விஷயம். நெல்வயலில் நடவின்போது நிற்கும் தண்ணீர் ராடாருக்குத் தெளிவான அடையாளம் தருகிறது. காய்கறித் தோட்டத்தில் அத்தகைய அடையாளம் இல்லாமையால் அதே முறை இங்கு அவ்வளவு கைகொடுப்பதில்லை. காய்கறிக்காரர், மழைக்காலத்தில் ராடார் படத்தை வெள்ளநீர் எங்கு நிற்கிறது, எப்போது வடிகிறது என்பதை அறிய மட்டும் கொள்வது போதுமானது.

சேதத்தை எடுத்துக்காட்டுவதற்குப் பழைய படங்கள் சாட்சியாகும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யத்தை ஒட்டிக் கரைகடந்த கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தையும் தாக்கித் தென்னையையும் பலாவையும் சாய்த்துச் சென்றதை இப்பகுதியார் மறக்கமாட்டார்கள். அந்த ஆண்டின் அக்டோபர் மாதத்துத் தெளிந்த படம் ஒன்றையும், புயலுக்குப் பின் மேகம் விலகிய படம் ஒன்றையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது, இக்கலையைப் பயில்கிறவர்களுக்குச் சிறந்த பாடம். அப்படங்கள் ஆவணத்தில் இன்றும் இருக்கின்றன. தம் வயலின் எல்லையை முன்னரே வரைந்து, மாதம் ஒரு படத்தையாவது தேதியோடு சேமித்து வைத்திருப்பவர், இனி ஒரு புயலோ வெள்ளமோ வரும்போது, கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலோடு தம் படத்தையும் சேர்த்துக் காட்டித் தம் நஷ்டத்தைத் தெளிவாக விளக்க இயலும்.

8. நடுவதற்கு முன்னரே பார்க்க வேண்டிய படம்

இந்த வட்டாரத்துக்குச் செயற்கைக்கோள் படத்தின் மிகப் பெரிய உபயோகம், பயிர் நட்ட பின்பு அல்லாமல் நடுவதற்கு முன்பே கிடைப்பது என்பது என் உறுதியான கருத்து. சம்பா அறுவடை முடிந்து, கோடைக் காய்கறிக்கு எத்தனை சென்ட் நடலாம் என்று தீர்மானிக்கும் மாசி மாதத் தொடக்கத்தில், கண்மாயின் நீர்ப்பரப்பை நீர்க்குறியீட்டால் அளந்து பார்க்க வேண்டும். பச்சைக் கிரணத்திலிருந்து அகச்சிவப்பைக் கழித்து முன்போலவே வகுத்தால் வருவது அந்தக் குறியீடு. அது பூஜ்யத்துக்கு மேலே நிற்கும் கட்டங்களே பொதுவாக நீர். ஆயிரம் கட்டங்கள் தேறினால் பத்து ஹெக்டேர் நீர்ப்பரப்பு என்று கொள்ளலாம். ஆழத்தைப் படம் சொல்லாது. ஆனால் 2016 தொடங்கி ஒவ்வோர் ஆண்டும் அதே வாரத்தில் இருந்த பரப்பை அது சொல்லும். எந்த ஆண்டு சித்திரை வரை தண்ணீர் நின்றது, எந்த ஆண்டு பங்குனியிலேயே வற்றிச் செடி கருகியது என்பது ஊராருக்கு நினைவிருக்கும். அந்த அனுபவத்தையும் இந்த அளவையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், இவ்வாண்டு நூற்றைம்பது நாள் தண்ணீர் கேட்கும் கத்தரிக்குப் போவதா, தொண்ணூறு நூறு நாளில் முடியும் வெண்டையோடு நிறுத்திக்கொள்வதா என்பது விளங்கும். கண்மாய்க்குள் சீமைக்கருவேலமோ தாமரையோ மூடிக்கிடந்தால் அதன் கீழுள்ள நீர் படத்தில் புலப்படாது. அந்தக் குறையைக் கண்மாய்க்கரையில் நின்று பார்த்தே சரிசெய்துகொள்ள வேண்டும்.

9. கைக்கொள்ள வேண்டிய முறை

ஐந்து நாளுக்கொருமுறை, படம் வந்த அன்றோ மறுநாளோ, கால் மணி நேரத்துக்கு மேற்படாமல் பின்வருமாறு செய்க. ஒப்புநோக்கும் தென்னந்தோப்பின் எண்ணை முதலில் பார்த்து, படம் தெளிந்ததா என்று நிச்சயித்துக்கொள்க. பின்னர் வயலின் சராசரி எண்ணைத் தேதியோடு குறிப்பேட்டில் எழுதுக. மூன்றாவதாக, பின்தங்கிய கட்டம் உண்டா, அதன் வடிவம் யாது என்று பார்த்து, வயலின் கைவரைபடத்தில் அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிடுக. நான்காவதாக, அன்று மாலைக்குள் அவ்விடத்துக்கு நேரே நடந்துபோய், இலையின் அடிப்புறம், தண்டு, வேர், மண்ணின் ஈரம் ஆகிய நான்கையும் பார்த்து, கண்டதை எண்ணுக்கு எதிரிலேயே எழுதுக. அன்று தண்ணீர் பாய்ச்சியது, உரமிட்டது, பறித்த எடை ஆகியவையும் அதே வரியில் இடம்பெற வேண்டும்.

ட்ரோன் கொண்டு இலையளவு நுட்பமாகப் படமெடுக்கவும் இன்று இயலும். ஆயினும் ஒரு தனி விவசாயி அரை ஏக்கருக்காக அச்செலவை மேற்கொள்வது கட்டுப்படியாகாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்தவர்கள் பருவத்துக்கு ஓரிரு முறை பொதுவில் அமர்த்திக்கொள்வது தகும்.

ஒரு பருவம் முழுவதும் இவ்வாறு எழுதிய குறிப்பேடு, எந்த நூலும் தர இயலாத ஓர் அறிவை அந்த விவசாயிக்குத் தரும். ஏனெனில் அதிலுள்ள எண்கள் அவருடைய மண்ணின் எண்கள், அவற்றின் விளக்கம் அவர் காலால் நடந்து கண்ட விளக்கம். ஆகையால் வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: பெரிய வயலுக்கும் அடுத்த வருஷத்துக்கும் காத்திராமல், இப்போது நிற்கும் பயிரில் ஒரு துண்டுக்கு இந்த வாரமே எல்லை வரையுங்கள், படம் காட்டும் இடத்துக்கு அன்றே நடந்து போங்கள், கண்டதை ஒளிக்காமல் எழுதி வையுங்கள், அந்தக் குறிப்பேட்டை அண்டை வீட்டாருக்கும் காட்டுங்கள்.